கவனக்குறைவு

வெள்ளிவிழா வருஷம். தாமிரப் பட்டயம் கேட்டு வந்தவர்கள்
கருவூல வாசல் வரை நின்றார்கள்.
தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ், சி பிரிவு, மூன்றாவது மேஜை நான்.
சிறைச் சான்றிதழ் இருக்கிறதா என்பேன்.
இல்லையென்றால் கூட இருந்த கைதிகள் இருவர் கையெழுத்து.
அதுவும் இல்லையென்றால் அடுத்தவர்.

பக்கிரிசாமிச் சோழகர் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை.
சட்டைப் பையில் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருந்தது.
மன்னார்குடிப் பக்கம் ஆயில் எஞ்சின் ரிப்பேர் என்றார்.
அதற்கு முன்னால்?
ஜமேதார். மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுகிற படை.
பட்டாளத்துக் கணக்கில் இன்றைக்கும் ஓடிப்போனவன்.
அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

"பர்மாவுலேர்ந்து பின்வாங்குறப்ப
நாங்க கட்டுன பாலத்த நாங்களே ஒடைக்கணும்.
அக்கரையில நம்மாளு முந்நூறு பேர்
லாந்தர ஆட்டிக்காட்டுறான்.
'இப்ப'ன்னான் மேஜர்.
அழுத்துனேன்."

மின்விசிறியில் மனுக்கள் படபடத்தன.
பேப்பர் வெயிட்டைத் தேடி எடுத்து வைத்தேன்.

லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை.
ஊர்ப் பையன்களுக்குத் தந்திக் கம்பி அறுக்கத் தெரியும்.
எந்த மூட்டில் வெடி வைத்தால்
இரும்பு தன் பாரத்தாலேயே முறியும் என்பது
இவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஐப்பசி. பாமணியாறு கரைதொட்டு ஓடுகிறது.
ஊரில் கஞ்சிக்கு நொய் இல்லை,
ராத்திரி கூட்ஸில் பட்டாளத்துக்கு மூட்டை மூட்டையாக நெல்.
"பாசஞ்சர் போயாச்சு. கூட்ஸ் வர நாப்பது நிமிஷம்.
பாலத்து மேல ஆளில்ல, அக்கரையிலயும் ஆளில்ல.
இந்தத் தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் திரி வச்சேன்.
எண்ணிக்கையில ஒருத்தன் விட்டுப்போச்சு."

கீமேன் தனுஷ்கோடி.
தலையில் சாக்குக் கொங்காணி, மழைக்கால ரோந்து.
பத்தடியில் நின்றான்.
லாந்தர் வெளிச்சம் முதலில் கையில் விழுந்தது,
கையிலிருந்த கம்பியில், அப்புறம் முகத்தில்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
திரியை இறக்கினான். ஊதி அணைத்தான்.
இருட்டில் அவன் செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் போய்க்கொண்டே இருந்தது.

வெடித்த பிறகு கூட்ஸை எதிர்கொண்டு ஓடி
சிவப்பு விளக்கு காட்டி நிறுத்தியவனும் அவன்தான்.
விசாரணையில் சொன்னான்: தூங்கிட்டேன் எசமான்.
அடித்தார்கள். அதையேதான் சொன்னான்.
ரயில்வே ஒரே வார்த்தையில் எழுதியது: கவனக்குறைவு.
வேலை போனது, குடியிருப்பு போனது.
செங்கற்சூளையில் மண் மிதித்தான்,
சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்னால் செத்தான்.

"என்னைப் பிடிக்கவே இல்ல சார்.
பிடிச்சிருந்தா சான்றிதழ் இருக்கும்.
பட்டயம் எனக்கு வேணாம்.
பென்ஷன்னா அவன் சம்சாரம் செங்கமலம் கை நீட்டாது.
அந்த ஒத்த வார்த்தைய அடிச்சுட்டு
'பார்த்தான்'னு எழுதணும்.
அவன் எல்லாத்தையும் பார்த்தான்."

ரயில்வே ஆவணம், எங்கள் இலாகா இல்லை என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
ஆதாரம் என்ன என்றும் கேட்டேன்.
"ஆறு கண்ணு பாலம். மூணாவது கண்ணுல மட்டும்
உத்தரத்துல அடிச்ச வருஷம் வேற. போய்ப் பாருங்க."
ஸ்பானரை உள்ளே தள்ளிக்கொண்டு
வரிசையை விலக்காமல் ஓரமாகப் போனார்.

என் குறிப்பு இரண்டு வாக்கியம்:
மனுதாரர் நேரில் ஆஜரானார். ஆதாரம் எதுவும் தெரிவிக்கவில்லை.
இரண்டாவது பொய்.

தையில் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியே போனேன்.
ஜன்னலோரம் உட்கார்ந்து கண்களை எண்ணினேன்.
மூன்றாவதில் சக்கரச் சத்தம் மாறும் என்று
காதைத் தீட்டியிருந்தேன்.
மாறவில்லை.
அவ்வளவு நன்றாகப் பொருத்தியிருந்தார்கள்.
கீழே தண்ணீர் வடிந்த ஆற்றில்
ஒருத்தி எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
வண்டிச் சத்தத்துக்குத் தலை தூக்கவில்லை.